பம்புக்கும் பத்தியம் உண்டு

சங்கத் தலைவர் அர்த்தனாரி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பழ விவசாயிகள் சங்கத்து அங்கத்தினர்களே, காளப்பநாயக்கன்பட்டிப் பெரியோர்களே, பெரக்கரை நாட்டிலிருந்து இருட்டோடு புறப்பட்டு இறங்கி வந்திருக்கும் மலை மக்களே, தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் ஆரஞ்சு மண்டி அண்ணாமலையின் வணக்கம்.

முதலில் ஒரு காரியம். அந்த மாலையைக் கழற்றுங்கள்.

யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மறைந்த நம் மருந்தடி மேஸ்திரி செங்கோடன் அவர்களுக்குப் போட்டோப் படம் கிடையாது. அதனால் அவர் முதுகில் சுமந்து திரிந்த பித்தளைப் பம்பை நாற்காலியில் வைத்து, அதற்கு மாலை போட்டிருக்கிறீர்கள். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அது ஈர மாலை. பூ உதிர்கிறது. மேஸ்திரி இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "ஏனுங்க, பூவிதழு உள்ள போயி பம்பு மூக்கடைச்சுக்கிட்டா, மாலை போட்டவரா மலையேறி வந்து குத்தியெடுப்பாரு?" என்று கேட்டிருப்பார். கேட்டுவிட்டு அவரே மேடையேறிக் கழற்றியிருப்பார். ஆகவே கழற்றிவிடுங்கள். பக்கத்தில் அவருடைய தலைத்துண்டு இருக்கிறது, அதன்மேல் போடுங்கள். துண்டு தாங்கும்.

இரண்டாவது காரியம். இன்றைய கூட்டத்துக்கு நோக்கம் இரண்டு என்பது உங்களில் சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. இரங்கல் முடிந்த கையோடு, இந்தப் பம்பை விற்றுவிடுவது என்று ஒரு தீர்மானம் வரப்போகிறது. இது யுத்த காலம். பித்தளைக்கு நல்ல கிராக்கி. வியாபாரி தராசைக் கொண்டுவந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். வெற்றிலை போட்டுக்கொண்டு, இந்த மண்டிக்காரன் பேச்சு எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் என் வணக்கம். இன்னும் கொஞ்சம் வெற்றிலை போடட்டும்.

இதை விற்று, வருகிற பணத்தில் இரண்டு இரும்புப் பம்பு வாங்கலாம் என்பது தலைவர் அவர்களின் யோசனை. தலைவர் கெட்டவர் அல்ல. அவர் கேட்கிற கேள்வியும் நியாயமானதுதான். "மேஸ்திரியே போயிட்டாரு, இனி இதை யாருங்க பாத்துக்குவாங்க?" என்று நேற்று என் மண்டிக்கு வந்து கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் இப்போது எழுந்திருக்கிறேன். அழ எனக்கும் தெரியும். அதை வீட்டில் வைத்துக்கொள்கிறேன்.

யார் இந்தச் செங்கோடன்? இந்த ஊரில் பிறந்து, பிழைப்புக்காக வேறொரு மலைக்குப் போய், அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரையின் காப்பித் தோட்டத்தில் செடிக்கு மருந்து அடித்தவர். ஒருநாள் துரையோடு சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். வரும்போது அவரிடம் இருந்தது நகக்கண்ணில் நீலக் கறையும், வாயில் நிறையப் பேச்சும்தான். "மருந்தடி மேஸ்திரி" என்ற பட்டத்தை எந்தச் சர்க்காரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவரே வைத்துக்கொண்டார். கேட்டால், "கொடுக்கறவனுக்காகக் காத்திருந்தா நரைச்சுப் போயிரும்ங்க" என்பார். அடக்கம் என்ற குணம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. இரங்கல் கூட்டம் என்பதற்காக நான் பொய் சொல்ல மாட்டேன்.

அவர் திரும்பி வந்த சமயத்தில்தான் பெரக்கரை நாட்டுக் கமலா ஆரஞ்சு மரங்களில் சொறி விழுந்தது. பழமெல்லாம் தழும்பு. கூடை கூடையாக என் மண்டியில் கிடந்து அழுகியது. ஏலம் கேட்க ஆள் இல்லை. மலை மக்கள் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி போடலாமா என்று யோசித்தார்கள். அப்பன் நட்ட மரத்தை மகன் வெட்டுவது லேசான காரியமா? கோடாரியை எடுத்துக்கொண்டு போய், வெட்டாமல் திரும்பி வந்தவர்கள் இதோ இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

நீல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மழைக்கு முன்னே மரத்தில் தெளித்தால் சொறி நிற்கும் என்றார் மேஸ்திரி. அதற்கு ஒரு பம்பு வேண்டும். சங்கம் பணம் திரட்டியது. பம்பு வாங்கச் சேலத்துக்குப் புறப்பட்டோம், தலைவரும் நானும் மேஸ்திரியும்.

கடையில் முதலில் காட்டியது சக்கரம் வைத்த பம்பு. பெரிய பீப்பாய், நீண்ட கைப்பிடி, பச்சை வர்ணம். தலைவர் மயங்கிவிட்டார். மேஸ்திரி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஏனுங்க, இதுக்கு மலையேறத் தெரியுமுங்களா?" என்றார். கடைக்காரர், "அதான் சக்கரம் இருக்குதே" என்றார். "சக்கரம் இருக்குதுங்க. எங்களுக்கு ரோடு இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி அடுத்ததைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்தது இரும்பு. மேலே வெள்ளீயப் பூச்சு, பளபளவென்று கண்ணைப் பறித்தது. விலையும் கொஞ்சம்தான். மேஸ்திரி மடியிலிருந்து ஒரு மயில்துத்தக் கட்டியை எடுத்தார். கடைக்காரரிடம் ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர் வாங்கிக் கரைத்தார். இடுப்புக் கத்தியை அதில் முக்கி வைத்துக்கொண்டு, ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். பேசி முடித்துக் கத்தியை எடுத்தால், முனை செம்பு நிறத்தில் சிவந்திருந்தது. "பாத்தீங்களா, கத்திய நக்கிப்போட்டுது. சித்த நேரத்துக்கே இப்பிடின்னா, இந்தத் தண்ணி எந்நேரமும் வவுத்துக்குள்ள கெடக்கற இரும்பு என்னங்க ஆகும்?" என்றார். பூச்சு இருக்கிறதே என்றார் கடைக்காரர். "பூச்சு போற வரைக்குந்தானுங்க அந்தப் பேச்சு" என்றார் மேஸ்திரி.

தலைவர் அவர்களே, நீங்களும் அப்போது அங்கே இருந்தீர்கள். சிவந்த அந்தக் கத்தி முனையை நீங்களே தொட்டுப் பார்த்தீர்கள்.

மூன்றாவதாக வந்ததுதான் இந்தப் பித்தளை. தண்ணீரை நிரப்பச் சொன்னார். முதுகில் மாட்டிக்கொண்டு கடையின் மச்சுப்படியில் ஏறினார், இறங்கினார், மறுபடியும் ஏறினார். கனம் இடுப்பில் இறங்குகிறதா, தோளை இழுக்கிறதா என்று பார்த்தார். கைப்பிடியைக் கிளைகளுக்கு நடுவே நின்று அடிக்க முடியுமா என்று பார்த்தார். மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டு, மூலைமுடுக்கெல்லாம் விரல் போய்க் கழுவ முடியுமா என்று பார்த்தார். எல்லாம் பார்த்த மனிதர் ஒன்றைப் பார்க்கவில்லை. இந்தப் பம்பு உயரமானவர்களுக்குச் செய்தது. நம் மேஸ்திரியோ கட்டை. மலையேறும்போதெல்லாம் அடிப்பாகம் பின்தொடையில் இடித்தது. நான் அதைச் சொல்லிச் சிரித்தால், "பம்பு சரியாத்தானுங்க இருக்குது, ஆளுதான் அளவு தப்பிப் பொறந்துட்டேன்" என்பார். கடைசி வரை ஒரு சாக்கை மடித்து முதுகில் கட்டிக்கொண்டுதான் இதைச் சுமந்தார்.

வாங்கிவிட்டோம். வாங்கியதோடு தீர்ந்ததா? தீரவில்லை. முதல் வருஷம் பம்பு அடித்த நாளைவிட அடைத்துக்கொண்ட நாள்தான் அதிகம். சுண்ணாம்பு உள்ளே இறுகிப் போகும். மூக்கிலிருந்து புகை மாதிரி வர வேண்டிய மருந்து சொட்டுச் சொட்டாக வடியும். ஒரு மகராசன் கம்பியை விட்டுக் குத்தினான். ஓட்டை பெருத்துப்போய், மருந்து வெள்ளாடு ஒன்றுக்குப் போகிற மாதிரி ஊற்றியது. இது என் வார்த்தை அல்ல, மேஸ்திரியின் வார்த்தை, சபை மன்னிக்க வேண்டும். அடித்து முடித்ததும் கழுவுங்கள், கழுவுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துவார். "ஆகட்டுங்க" என்பார்கள். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் மறுபடியும் அடைப்பு. ஆகட்டும் என்று சொல்வதற்கும் ஆவதற்கும் நடுவே எத்தனை தூரம் என்பது நமக்கெல்லாம் தெரியாததா?

இதற்கு விடை சொன்னது மேஸ்திரி அல்ல. இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரே, பெரக்கரை நாட்டுப் பெருமாயி அம்மாள், அவர் சொன்னார்.

அவருடைய தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு, "மரத்துக்கு மருந்து குடுத்தாச்சு அம்மிணி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் மேஸ்திரி. கொஞ்ச நாள் கழித்து நானும் அவரும் போய்ப் பார்த்தால், மரத்தடியில் இருந்த ஆட்டுப்பட்டியைக் காணோம். எருக்குவியலைத் தள்ளி வைத்திருந்தார்கள். மரத்தைச் சுற்றி வேலி. வேலியில் வேப்பிலை.

"என்ன அம்மிணி இது?" என்றார் மேஸ்திரி.

"மருந்து குடிச்ச உசுருக்குப் பத்தியம் வேணாமுங்களா? அதான் பட்டிய அந்தண்டை மாத்திப்போட்டேன். எரு வெக்கல. ஆரும் கிளையத் தொடப்படாதுன்னு சொல்லிப்போட்டேன்."

நாங்கள் சிரித்தோம். மரத்துக்குப் பத்தியம் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் இந்த அம்மாள் சிரிக்கவில்லை. பம்பைக் கையால் காட்டி, "ஏனுங்க மேஸ்திரி, மரமாச்சும் மேலாலதான் மருந்த வாங்குச்சு. இது வவுறு முட்டக் குடிச்சிருக்குது. இதுக்கு என்னங்க பத்தியம்?" என்று கேட்டார்.

மேஸ்திரியின் சிரிப்பு நின்றுவிட்டது. பம்பை இறக்கி வைத்தார். பக்கத்தில் இருந்த ஒரு பாறை மேல் உட்கார்ந்துகொண்டார். மூடியைத் திறந்து, உள்ளே இறுகியிருந்த சுண்ணாம்பை விரலால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "மண்டிக்காரரே, இத்தன நாளா நான் கழுவுங்க கழுவுங்கன்னு கத்துனது வீண் கத்தலுங்க. இனிமேல் கத்த மாட்டேன். பத்தியம் சொல்லிப்போடறேன்" என்றார்.

மலையில் பத்தியத்தை மீறுகிறவன் உண்டா? கஷாயம் குடித்தவன் வீட்டில் கருவாட்டு வாசனை வந்தால் அக்கம்பக்கமே சண்டைக்கு வந்துவிடும். கழுவு என்றால் அது ஒருவனுக்கு இட்ட வேலை. பத்தியம் என்றால் அது ஊரே காக்கிற காவல். அன்றைக்கே பம்புக்குப் பத்தியம் சொன்னார் மேஸ்திரி. மருந்து இறங்கினதும் நல்ல தண்ணீர் குடிக்க வேண்டும். நீலம் போய், சுண்ணாம்பும் போய், தண்ணீர் தெளிந்து வருகிற வரை குடிக்க வேண்டும். பழைய மருந்து ஆகாது, அன்றன்று கரைத்ததுதான் ஆகும். சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டாமல் கொடுத்தால் பம்புக்குச் செரிக்காது. கலக்குவது மண்பானையில், இரும்பு வாளி பக்கத்திலேயே வரக்கூடாது. உள்ளே இருக்கிற தோல் வாஷர் காய்ந்தால் மூச்சுப் பிடிக்காது, அதற்கு விளக்கெண்ணெய். மூக்கடைத்தால் ஈர்க்குச்சி, கம்பி கூடவே கூடாது. எல்லாம் முடிந்ததும் கவிழ்த்து வைத்துவிட வேண்டும், பத்தியக்காரன் படுத்துக்கொள்கிற மாதிரி.

மலை மக்கள் தங்கள் பங்குக்கும் ஒன்று சேர்த்தார்கள். பம்பு தூக்குகிறவன் கழுவிக் கவிழ்க்கிற வரை எதையும் வாயில் போடக்கூடாது, வெற்றிலைகூட ஆகாது என்றார்கள். மயில்துத்தக் கையோடு சோறு தின்றால் என்ன ஆகும் என்பது மேஸ்திரிக்குத் தெரியும். "அதுவும் இருக்கட்டும், அது ரொம்ப நல்ல பத்தியம்" என்று ஏற்றுக்கொண்டார்.

அன்று முதல் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். தோட்டத்துக்கு மேலே நின்றுகொண்டு கீழே கழுவுகிறவர்களைப் பார்த்து, "தண்ணி எப்படி வருது?" என்பார். "நீலமா வருதுங்க" என்றால், "ஊத்து." மறுபடியும், "தண்ணி எப்படி வருது?" "தெளிஞ்சிருச்சுங்க" என்ற பதில் கீழேயிருந்து வருகிற வரை அவர் நகரமாட்டார். பெரக்கரை நாட்டில் சின்னஞ்சிறுசுகள்கூட ஓடையில் விளையாடும்போது இந்தக் கேள்வியும் பதிலும்தான்.

பலன் என்ன? புளியஞ்சோலைப் பக்கம் ஒரு தோட்டக்காரர் இரும்புப் பம்பு வாங்கினார். பேர் வேண்டாம், நல்ல மனிதர். இரண்டாம் மழைக்குள் அதன் அடியில் விழுந்த ஓட்டையில் என் விரல் நுழைந்தது. இப்போது அதில் கோழி அடை காக்கிறது. குஞ்சு நன்றாகப் பொரிக்கிறதாம், அந்தமட்டில் சந்தோஷம். நம் பம்பைப் பாருங்கள். மேலே சொட்டை இருக்கிறது, பாறையில் விழுந்த காயம் இருக்கிறது. தோளில் மாட்டுகிற வார் மூன்று தடவை மாறி இப்போது நூல்பட்டையாக இருக்கிறது. ஆனால் வயிறு? தலைவர் அவர்களே, மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், உங்கள் முகம் தெரியும். வெட்டக் கோடாரி எடுத்த மரங்களிலிருந்து இன்றைக்கும் என் மண்டிக்குக் கூடை வருகிறது.

இந்த வருஷம் காய்ச்சலோடுதான் மலையேறினார். யுத்தத்தில் காய்ச்சலை நிறுத்துகிற கொய்னா மாத்திரைக்கும் பஞ்சம். "போகாதீங்க மேஸ்திரி, ஒடம்பு தேறட்டும்" என்று நானும் சொன்னேன். "மழை எனக்காக நிக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெரக்கரை நாட்டில் பாதி மரங்களுக்கு அடித்து முடித்தார். காய்ச்சல் ஆளை உலுக்கவும், ஒரு பகல் பொழுதில் தள்ளாடிக்கொண்டு இறங்கி வந்தார். மேலே கழுவி எடுத்துவர அவருக்குத் தெம்பு இல்லை. பத்தியம் முடியாத பம்பை முதுகில் சுமந்தபடி வந்து தம் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்.

அதன்பிறகு நடந்ததை அவருடைய சம்சாரம் அத்தாயி அம்மாள் எனக்குச் சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"ஊட்டுக்குள்ள வந்து படுங்கன்னேன், வரமாட்டேன்னுட்டாருங்க. கையத் தூக்கப் பாத்தாரு, முடியல. 'அத்தாயி, நீ அடி'ன்னாரு. இத்தன வருசத்துல அதைத் தொட உட்டதே இல்லீங்க. தண்ணி ஊத்தி அடிச்சேன். 'தண்ணி எப்படி வருது?'ன்னாரு. 'நீலமா வருதுங்க'ன்னேன். 'ஊத்து'ன்னாரு. திரும்பவும் கேட்டாரு. 'வெள்ளையா வருதுங்க'ன்னேன். 'அது சுண்ணாம்பு. ஊத்து'ன்னாரு. கண்ணு மூடிருந்துச்சுங்க, ஆனாக் கேக்கறத உடல. 'இப்போ?'ன்னாரு. 'தெளிஞ்சிருச்சுங்க'ன்னேன். 'சரி, கவுத்து வையி'ன்னாரு. கவுத்து வெச்சுட்டுத் திரும்பிப் பாத்தேன், செவுத்துல சாஞ்சிருந்தாரு. அதுக்கப்புறம் பேசலீங்க."

கவுத்து வையி. எங்கள் மேஸ்திரி செங்கோடன் இந்த உலகத்தில் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். சொத்தைப் பற்றிச் சொல்லவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

சரி. இப்போது தலைவரின் கேள்விக்கு வருகிறேன். இனி இதை யார் பார்த்துக்கொள்வது? ஐயா, இத்தனை வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டது யார்? மேஸ்திரி ஒருவரா? அவர் கேள்வி கேட்டார். பதில் சொன்னது பெரக்கரை நாடு முழுவதும். பத்தியம் வைத்தியர் காக்கிறதா, வீட்டார் காக்கிறதா? வைத்தியர் போய்விட்டார் என்பதற்காக வீட்டார் பத்தியத்தை விட்டுவிடுவார்களா?

பெருமாயி அம்மாள் துக்கம் கேட்க மட்டும் இறங்கி வரவில்லை. காலையில் என்னிடம், "பாதி மரம் மருந்தில்லாம நிக்குதுங்க. வானம் கறுத்துக்கிட்டு வருது. பம்பைக் குடுத்தீங்கன்னா எங்காளுக தூக்கிக்குவாங்க" என்றார். அடிக்க ஆள் இருக்கிறது. தூக்க ஆள் இருக்கிறது. தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்க ஆள்? அதையும் கேட்டுவிட்டேன். அத்தாயி அம்மாளிடம் நேற்று கேட்டேன். "பாதியில நிக்குதுங்களே. நான் வாரேன்" என்றார்.

அங்கே பின்னால் யாரோ முணுமுணுக்கிறீர்கள். காரியம் முடிந்து சில நாள்கூட ஆகவில்லை, மூலையில் உட்கார வேண்டியவள் மலையேறுவதா என்பது என் காதில் விழுகிறது. மூலையில் உட்கார்ந்தால் மழை நிற்கும் என்று யாராவது எழுந்து உறுதி சொல்லுங்கள், உட்காரச் சொல்கிறேன். ஒருவரும் எழவில்லை. நல்லது.

மயில்துத்தம் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மை. அதற்கு நான் அலைகிறேன். சேலமோ திருச்சியோ, என் மண்டி வண்டி போகும், என் காலும் போகும். சங்கத்திடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த இரண்டாவது தீர்மானத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பித்தளையை உருக்கினால் அது யாருடைய யுத்தத்துக்குப் போகுமோ எனக்குத் தெரியாது. மலையேறினால் யாருடைய மரத்துக்குப் போகும் என்று தெரியும். சொறிக்கு எதிராக நாம் தொடங்கியதுதான் நம்முடைய யுத்தம். அது பாதியில் நிற்கிறது. பாதியில் விட்டுப் பழக்கமில்லாத மனிதருக்கு இரங்கல் கூட்டம் போட்டுவிட்டு, அவருடைய வேலையை நாம் பாதியில் விடுவோமா? நான் விட மாட்டேன். நீங்களும் விட மாட்டீர்கள்.

இறந்தவருக்காக எழுந்து மௌனமாக நிற்பது கூட்டங்களின் வழக்கம். எழுந்து நிற்போம், எல்லோரும் எழுந்திருங்கள். ஆனால் மௌனம் மேஸ்திரிக்கு ஒத்துவராது. அத்தாயி அம்மா, மேடைக்கு வாருங்கள். அந்தக் குடத்துத் தண்ணீரை ஊற்றுங்கள். கைப்பிடியைப் பிடித்து அடியுங்கள். பெருமாயி அம்மா, மூக்குக்கு நேரே கையை வைத்துப் பாருங்கள். வாசலில் இருக்கும் வியாபாரியும் உள்ளே வந்து பார்க்கட்டும்.

பெருமாயி அம்மா, தண்ணீர் எப்படி வருகிறது?

கேட்டீர்களா சபையோரே? "தெளிஞ்சு வருதுங்க" என்கிறார். தலைவர் அவர்களே, நீங்களும் கேட்டீர்களா? தலையசைக்கிறார். தீர்மானம் எழுதிய காகிதத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தலைவருக்கு என் நன்றி. வியாபாரிக்கு யாராவது வழிகாட்டுங்கள்.

பெரக்கரைக்காரர்கள் பொழுது சாய்வதற்குள் மேலே போய்ச் சேர வேண்டும். ஆகையால் என் பேச்சு இவ்வளவுதான். அத்தாயி அம்மா, பம்பை இன்றைக்குக் கவிழ்த்து வைக்க வேண்டாம். மலைக்குப் போகிறது.